‘புல் ஓவர்’ என்றதும் ஏசியை அணைத்தவன் போய்ச் சேர்ந்த ஆங்கில வகுப்பு

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன். நடத்துகிற சாரை வாரத்துக்கு இரண்டு தரமாவது டீக்கடையில் பார்க்கிறேன், அதனால்தான்.

நான் டாக்சி ஓட்டுகிறவன். சொந்த வண்டி, ஏழு பேர் உட்காரலாம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்குவதுதான் பாதிப் பிழைப்பு. என் ஆங்கிலம் ‘திஸ் பில்லர் பர்மா டீக், திஸ் வால் லைம் அண்ட் எக் வொயிட்’ என்ற அளவில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டிவிட்டேன். கம், கோ, டேக், புட், கிவ், லுக், டர்ன், எல்லாம் தெரியும். சிக்கலே அதுதான். தெரியாத வார்த்தை வந்தால் என்னவென்று கேட்டிருப்பேன். வந்ததெல்லாம் தெரிந்த வார்த்தை மாதிரி இருந்ததால் கேட்காமல் விட்டேன்.

போன வருடம் மாசியில் இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான தம்பதி. கானாடுகாத்தானில் வாழை இலை போட்டு மதியச் சாப்பாடு. கோலா உருண்டை, நண்டு மசாலா, கடைசியில் கவுனி அரிசி. அங்கிருந்து பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். குன்றக்குடி தாண்டும்போது பெரியவர் பின்னாலிருந்து, ‘குட் யூ புல் ஓவர், ப்ளீஸ்?’ என்றார். குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர்தானே, புல்ஓவர் எனக்குத் தெரியாதா? ஊட்டி சவாரிக்கு நானே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் குளிருகிறது போல என்று ஏசியை அணைத்தேன். ‘நோ, நோ, புல் ஓவர்!’ என்றார், குரல் கொஞ்சம் உயர்ந்தது. இன்னும் குளிருகிறதோ என்று கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் பின் சீட்டில் நடந்ததை எழுத வேண்டாம். சீட் உறை கழுவ 800 ரூபாய்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ‘புல் என்றால் இழு. ஓவர் என்றால் மேலே. இதில் நிறுத்து எங்கே இருக்கிறது?’ என்றேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, பிளஸ் டூ படிக்கிறாள்.

அதோடு விட்டிருந்தால் வகுப்புப் பக்கம் போயிருக்க மாட்டேன். இரண்டாவது அடி திருச்சி விமான நிலையத்தில் விழுந்தது. சிங்கப்பூர் வழியாக வரவேண்டிய நால்வர், முந்தைய நாள் ராத்திரி வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தார்கள்: ‘வீ ஹேவ் ஹேட் டு கால் ஆஃப் த ட்ரிப்.’ கால் என்றால் போன் பண்ணுவது. ஆஃப் என்றால் அணைவது. சரி, போன் ஆஃப் ஆகியிருக்கும், இறங்கியதும் பேசுவார்கள் என்று எடுத்துக்கொண்டு, ‘ஓகே சார், வெயிட்டிங்’ என்று பதிலும் போட்டேன். திருமயம், புதுக்கோட்டை வழியாகப் போக சுமார் 90 கி.மீ., திரும்ப அதே தூரம். பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். பயணத்தையே ரத்து செய்திருக்கிறார்கள். டீசல் காசு, தூக்கம், மானம் மூன்றும் போனது.

அப்புறம்தான் வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி மாலை 7 மணியிலிருந்து எட்டேகால் வரை. ஆறு வாரம், கணக்குக்கு 18 வகுப்பு. கட்டணம் 3,500 ரூபாய், முழுவதும் முதல் நாளே. கையேட்டுக்குத் தனியாக 200 ரூபாய். பொதுவான பேச்சு ஆங்கிலம் அல்ல, ‘ஃப்ரேசல் வெர்ப்’ மட்டும் என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள். அதாவது வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், டவுன், ஆஃப், அவுட் மாதிரி ஒரு குட்டி வார்த்தை ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே வேறு பக்கம் திருப்பிவிடுகிற சமாசாரம். என் வியாதிக்கு நேரான மருந்து.

சொல்லிக்கொடுக்கிறவர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் 22 பேர். வெளிநாடு போகிற பையன்கள், நர்சிங் படிக்கிற பெண்கள், ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிற பட்டறை வீட்டுப் பையன் ஒருவன், மகன் அமெரிக்காவில் இருக்கிற ஒரு ஆச்சி. நாற்பதைத் தாண்டியவர்கள் நானும் ஆச்சியும்தான். ஆச்சி ஏன் வந்தார் என்றால், பேரன் வீடியோவில் பேசுவது பாதி புரிகிறது, மீதி நழுவுகிறது. ‘அப்பத்தா, ஹேங் ஆன் என்கிறான். தொங்கு என்கிறானே என்று பார்த்தேன்’ என்றார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லியிருக்கிறான் பிள்ளை.

முதல் வகுப்பு அருமை. கொடுத்த காசில் பாதி அன்றைக்கே வசூலாகிவிட்டது என்பேன். சார் போர்டில் ஆங்கிலமே எழுதவில்லை. ‘பார்த்துக்கொள்’ என்று தமிழில் எழுதி, இதில் ‘கொள்’ளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஒரு பையன், ‘குதிரைக்குப் போடுறது சார்’ என்றான். சிரிப்பு அடங்கியதும் சார் சொன்னார்: ‘கொள் என்றால் வாங்கு, பெறு. அப்போ பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றால், பிள்ளையைப் பார்த்து விலைக்கு வாங்கு என்றா அர்த்தம்? இல்லையே. அந்தக் கொள் தன் அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பார்க்கு வேறு நிறம் கொடுக்கிறது. வெள்ளைக்காரன் அதற்கு லுக் ஆஃப்டர் என்கிறான். லுக் என்றால் பார். ஆஃப்டர் என்றால் பின்னால். பின்னால் பார்ப்பதா? அதுவும் இல்லை. நீங்கள் கொள்ளை எப்படி எடுத்துக்கொண்டீர்களோ, அப்படியே ஆஃப்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.’

எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதிலும் ஒரு கொள் இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

அன்றைக்கு எங்களையே எடுத்துச் சொல்ல வைத்தார். சாப்பிட்டுவிடு, சாப்பிட்டுப்பார், சாப்பிட்டு வை, சாப்பிட்டுத் தொலை. சாப்பாடு ஒன்றுதான். விடு வந்தால் முடித்துவிடு. பார் வந்தால் ருசி தெரிந்துகொள். வை வந்தால் பின்னால் பசிக்கும். தொலை வந்தால் வீட்டில் சண்டை. இதையெல்லாம் நாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கே இந்த வித்தியாசம் மயிரிழை பிசகாமல் தெரிகிறது. நாலு விதமாகச் சொன்னால் என் வீட்டில் நாலு விதமான பதில் வரும்.

அப்புறம் அவர் காட்டிய மூன்று ஜோடிகளை நான் இன்னும் வண்டி ஓட்டும்போது சொல்லிப் பார்க்கிறேன். தள்ளிப்போடு, ‘புட் ஆஃப்’. விட்டுக்கொடு, ‘கிவ் இன்’. காட்டிக்கொடு, ‘கிவ் அவே’. கவனித்தீர்களா? புட் என்றாலே போடு, கிவ் என்றாலே கொடு. சம்பந்தமில்லாத இரண்டு பாஷைகள், கடல் கடந்து ஒரே வினையை எடுத்து ஒரே மாதிரி திருகி வைத்திருக்கின்றன. இது தற்செயல்தான், எல்லா இடத்திலும் இப்படி ஒத்துவரும் என்று நம்பி ஏமாறாதீர்கள் என்று சார் உடனே எச்சரித்தார். ஆனால் பயம் போய்விட்டது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஆச்சிக்கும் ஒரு நாள் வந்தது. ‘டேக் ஆஃப்டர்’ என்றால் என்ன என்று சார் கேட்டார். பின்னால் எடு என்றான் ஒருவன். பெற்றவர், பாட்டன் சாயலில் இருப்பது என்றார் சார். ஆச்சி பட்டென்று, ‘எங்க பேரன் அவங்க ஐயாவை உரிச்சு வச்சிருக்கான், அதானே?’ என்றார். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். ‘ஆச்சி, உரித்து வைத்திருக்கிறான் என்பதை ஒரு வெள்ளைக்காரருக்கு வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பாருங்கள். தாத்தாவைத் தோலுரித்து எங்கேயோ வைத்துவிட்டான் என்று போலீஸுக்குப் போன் பண்ணுவார்’ என்றார். அன்றைக்கு வகுப்பு ஒன்பது மணி வரை போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் வாரம் அந்தக் குட்டி வார்த்தைகளுக்கு உள்ளே போனோம். பட்டியலை மனப்பாடம் பண்ணாதே, குட்டி வார்த்தை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார் என்பது சாரின் பாடம். ‘அப்’ பல நேரம் மேலே போவதே இல்லை. ‘ஈட் அப்’, ‘ட்ரிங்க் அப்’, ‘யூஸ் அப்’, ‘டேர் அப்’, எல்லாவற்றிலும் அது நம்முடைய ‘விடு’ மாதிரி: மிச்சம் வைக்காமல் முடி. டீசல் ‘ஃபில் அப்’ என்றால் டேங்க் முழுக்க. ‘டவுன்’ குறைவதற்கு, தணிவதற்கு: ‘ஸ்லோ டவுன்’, ‘காம் டவுன்’. ‘அவுட்’ வெளியே வருவது, வெளிச்சத்துக்கு வருவது, தீர்ந்துபோவது: ‘ஃபைண்ட் அவுட்’ என்றால் கண்டுபிடி, ‘ரன் அவுட் ஆஃப் டீசல்’ என்றால் என் கெட்ட கனவு. ‘ஆஃப்’ பிரிந்து போவது: ‘டிராப் ஆஃப்’ இறக்கிவிடுவது, ‘சீ ஆஃப்’ வழியனுப்புவது, ‘செட் ஆஃப்’ கிளம்புவது. இப்படிப் பார்த்தால் ‘கால் ஆஃப்’ எனக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். ஏற்பாட்டைக் கழற்றிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் டைல்ஸ் பட்டறைப் பையன் சாரை மடக்கினான். ‘லைட் கோஸ் ஆஃப் என்றால் அணைகிறது. அலாரம் கோஸ் ஆஃப் என்றால் ஏன் சார் அடிக்கிறது?’ நல்ல கேள்வி. சார் மழுப்பவில்லை. மில்க் கோஸ் ஆஃப் என்றால் பால் கெட்டுப்போகிறது, பாம் கோஸ் ஆஃப் என்றால் வெடிக்கிறது என்று இன்னும் இரண்டைச் சேர்த்து எழுதினார். எதன்மேல் ஒட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். ‘நம்மூரில் பால் கெட்டுப்போச்சு என்கிறோம். பால் எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை, பாத்திரத்திலேயேதான் இருக்கிறது.’ பையன் விடவில்லை. அலாரம் விஷயம் எனக்கும் இன்று வரை மனசுக்கு ஒட்டவில்லை. காலை நாலு மணிக்கு அது அடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, வினைக்குப் பின்னால் ஒட்டும் இந்தச் சின்னச் சொற்கள்தான் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பெரிய தலைவலி என்று முன்னுரையில் எழுதியிருக்கிறாராம். கேட்டபோது ஆறுதலாக இருந்தது. திருச்சியில் அட்டை பிடித்து நின்றது நான் மட்டும் இல்லை.

இலக்கணத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. விட்டுக்கொடு என்பதை நேற்றைக்கு மாற்றினால் விட்டுக்கொடுத்தான். காலம் கடைசியில் நிற்கிற சொல்லில் ஏறுகிறது. ஆங்கிலத்தில் ‘கேவ் இன்’. காலம் முன்னால் நிற்கிற வினையில் ஏறுகிறது, குட்டி வார்த்தை கல்லுத்தூண் மாதிரி அசையாமல் நிற்கிறது. நம்முடையதில் நடுவே வேறு பொருளைச் செருக முடியாது. விருந்தாளியை இறக்கிவிட்டேன் என்பேனே தவிர, இறக்கி விருந்தாளியை விட்டேன் என்று சொன்னால் ஏதோ எறிந்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் நடுவில் ஒரு சந்து உண்டு. ‘பிக் அப் த கெஸ்ட்ஸ்’ என்றாலும் சரி, ‘பிக் த கெஸ்ட்ஸ் அப்’ என்றாலும் சரி. ஆனால் தெம், ஹிம், இட் மாதிரி சின்னதாக வந்தால் சந்துக்குள்தான் உட்கார வேண்டும்: ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் தெம்’ தப்பு. நான் அத்தனை வருடமும் ‘ஐ பிக் அப் யூ’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருத்தர்கூடத் திருத்தவில்லை, மரியாதைக்காரர்கள். இதிலும் எல்லாமே சந்து கொடுக்காது. ‘லுக் ஆஃப்டர் தெம்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘லுக் தெம் ஆஃப்டர்’ கிடையாது.

எது சந்து கொடுக்கும், எது கொடுக்காது என்பதற்கு சார் மேஜையைத் தட்டிக் காட்டினார். ‘டர்ன் இட் ஆஃப்’ என்று சொல்லும்போது ஆஃபில் அழுத்தம் விழும். ‘லுக் அட் இட்’டில் லுக்கில் விழும். அழுத்தம் வாங்குகிற குட்டி வார்த்தை பெரும்பாலும் இடம் மாறும், வாங்காதது வினையோடு கிடக்கும் என்றார். எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாலும் கைக்கு அடக்கமான விதி. அதே சொல் பெயராக மாறினால் அழுத்தம் முன்னால் தாவிவிடும். ‘தி கார் புரோக் டவுன்’ என்றால் டவுனில் அழுத்தம். ‘பிரேக்டவுன்’ என்றால் பிரேக்கில். பிரேக்டவுனை எங்கள் ஸ்டாண்டில் எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறோம், அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பதால்.

நாம் ஏற்கனவே எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணினோம். மேக்கப், செட்டப், கட்டவுட், லாக்கப், செக்கவுட், பிக்கப். இதில் செட்டப் என்று நாம் ஒரு மாதிரிக் குரலில் சொல்வதும், கட்டவுட் என்றவுடன் பாலாபிஷேகம் ஞாபகம் வருவதும் நம்முடைய சொந்தத் தயாரிப்பு. வண்டிக்கு நல்ல பிக்கப் என்கிறோமே, அது அங்கேயும் உண்டாம். ‘பாஸ் அவுட்’தான் மாட்டிவிடும். நாம் படிப்பை முடித்ததைச் சொல்கிறோம். ராணுவப் பயிற்சி முடிந்து நடக்கிற அணிவகுப்புக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் சாதாரணமாக ஓர் அமெரிக்கரிடம் சொன்னால் மயங்கி விழுந்ததாக அர்த்தம். என் தம்பி மகன் டிப்ளமோ பாஸ் அவுட் என்று நான் பெருமையாகச் சொன்னபோது ஓர் அம்மா ஏன் ‘ஓ நோ, இஸ் ஹீ ஓகே?’ என்று கேட்டார் என்பது இரண்டு வருடம் கழித்து அந்த மாடியில்தான் புரிந்தது. ஓகே, ஓகே, குட் மார்க் என்று சொல்லியிருந்தேன்.

டிரைவர் என்பதால் சார் என்னை எழுப்பிக் கேட்டது ஒன்று: ‘ஓவர்டேக்’குக்கும் ‘டேக் ஓவர்’க்கும் என்ன வித்தியாசம்? முதலாவது முந்திப் போவது. இரண்டாவது பொறுப்பை வாங்கிக்கொள்வது. ஒரே இரண்டு துண்டுகள்தான், முன்னது பின்னதாக மாற்றி மாட்டியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த மாதிரிச் சொற்கள் நிறைய வினைக்கு முன்னால் ஒட்டி நின்றன, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ எல்லாம் அந்தக் காலத்து மிச்சம், போகப்போகப் பின்னால் நிற்கிற பழக்கம் பெருகியது என்றார். சமஸ்கிருதத்தில் முன்னால் ஒட்டுவதுதான் வழக்கம். ஒரே வேரிலிருந்துதான் ஆகாரமும், பரிகாரமும், சம்ஹாரமும். ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, ‘ஆகாரம் மிஞ்சினா சம்ஹாரம், அப்புறம் பரிகாரம்’ என்றார். எனக்குக் குன்றக்குடி ரோடு ஞாபகம் வந்தது.

புல் ஓவரையும் கேட்டேன். ‘புல் அப்’ என்றால் வண்டியை நிறுத்துவது, குதிரையின் கடிவாளத்தை இழுத்து நிறுத்திய காலத்துப் பேச்சு. ‘புல் ஓவர்’ என்றால் ஓரம் கட்டுவது. ‘நீயே ஓரம் கட்டு என்கிறாயே தம்பி, எதைக் கட்டுகிறாய்? கயிறா இருக்கிறது?’ என்றார். பதில் இல்லை.

இனி குறைகள்.

கையேடு வீண். 200 ரூபாய்க்கு 60 பக்க ஜெராக்ஸ், ஆங்கில அகர வரிசையில் 400 சொற்கள். ‘கெட்’ மட்டும் நாலு பக்கம். சார் வகுப்பில் எதைச் செய்யாதே என்றாரோ, கையேடு அதையே செய்கிறது. அதில் இருக்கும் தமிழ் இன்னும் மோசம். ‘கிவ் அப்’ என்றால் ‘துறத்தல்’ என்று போட்டிருக்கிறது. சிகரெட்டைத் துறந்தான் என்று எந்த ஊரில் பேசுகிறார்கள்? விட்டுவிட்டான் என்றால் முடிந்தது, அந்த ‘விட்டு’வும் ‘விட்டா’னும் சேர்ந்து அப்புக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ‘புட் அப் வித்’துக்கு ‘சகித்தல்’. பொறுத்துக்கொள் என்று எழுதியிருந்தால் அந்தக் கொள்ளே பாடம் நடத்தியிருக்கும். தயாரித்தவர் வேறு யாரோ, சார் இல்லை என்று கேள்வி. அப்படியானால் சார் அதைக் கையால் தொட்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, காது. ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட ஆங்கிலேயரோ அமெரிக்கரோ பேசுகிற ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டவில்லை. சார் ‘பிக். இட். அப்.’ என்று மூன்று செங்கல்லாக அடுக்குகிறார். வண்டியில் எனக்குக் கேட்பது ‘பிக்கிட்டப்’. ‘டர்ன் இட் ஆஃப்’ வந்து சேரும்போது ‘டர்னிட்டாஃப்’. குட்டி வார்த்தை முந்தைய சொல்லோடு உருகிப்போகிறது, அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். எனக்கு வேண்டியதில் பாதி இதுதான், அது கிடைக்கவில்லை. கேட்டபோது, ஸ்பீக்கர் ரிப்பேர் என்றார்கள். ஆறு வாரமும் ரிப்பேர். ஒரு போன் போதாதா?

மூன்றாவது, நாலாம் வாரத்துக்கு மேல் சாருக்கே அலுத்துவிட்டது போல. ஐந்து, ஆறாம் வாரங்களில் கோடிட்ட இடத்தை நிரப்புக. அப்பா, அவுட்டா, ஆஃபா என்று கட்டம் போட்ட தாள். 22 பேரில் 13 பேர்தான் மிச்சம். இடையில் மூன்று வகுப்பு ரத்து. ‘டுடேஸ் கிளாஸ் இஸ் கால்டு ஆஃப்’ என்று குழுவில் செய்தி வந்தது. இந்த முறை புரிந்தது, அந்த மட்டும் லாபம். ஈடு செய்வோம் என்றவர்கள் ஒன்றைத்தான் ஈடு செய்தார்கள். கணக்குப் பார்த்தால் 16 வகுப்பு. முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டவர்கள் இதைச் செய்யக் கூடாது. நேரில் கேட்டேன். அடுத்த நிலைக்குச் சேர்ந்தால் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த நிலை 5,000 ரூபாயாம்.

சேரவில்லை. அதற்குப் பதிலாக மகள் என் போனில் பிபிசி செய்திகளைப் போட்டுக்கொடுத்திருக்கிறாள். காலியாகத் திரும்பி வரும்போது கேட்கிறேன். எந்தக் குட்டி வார்த்தை வருகிறது என்று மட்டும் காது கொடுக்கிறேன், மற்றது ஓடட்டும்.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. போன மாதம் ஒருவர் ஏறியதும் ஏறாததுமாக, ‘வீ ரேன் இன்ட்டு யுவர் பிரதர் திஸ் மார்னிங்’ என்றார். பழைய ஆளாக இருந்தால் தம்பிக்கு அடிபட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பியிருப்பேன். எங்கே சார் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ரயில் நிலையத்திலாம், எதேச்சையாக. இன்னொன்று, விடுதிகளில் கொடுக்கிற படிவத்தை ஒருவர் ‘ஃபில் இன்’ என்கிறார், ஒருவர் ‘ஃபில் அவுட்’ என்கிறார். உள்ளேயும் வெளியேயும் எப்படி ஒன்றாகும் என்று முன்பு குழம்புவேன். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரியும். ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

யார் சேரலாம்? பள்ளிக்கூட ஆங்கிலம் ஓரளவு இருந்து, பேசும்போது தெரிந்த வார்த்தையிலேயே தடுக்கி விழுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். அடிப்படையே இல்லாதவர்களுக்கு இரண்டாம் வாரம் தலை சுற்றும். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குக் கடைசி இரண்டு வாரம் பிடிக்கலாம், எனக்குப் பிடிக்கவில்லை. மொத்தக் காசையும் முதல் நாளே கொடுக்காமல் பாதி கட்டிப் பாருங்கள். கேட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன், ஆச்சி அப்படித்தான் கட்டினார். கையேடு வாங்க வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முன் வரிசையில் உட்காருங்கள், பின்னால் மின்விசிறி சத்தத்தில் அப்பும் ஆஃபும் ஒன்று போலக் கேட்கும். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். முதல் மூன்று வாரத்துக்கு மட்டும் என்றால் நாலரை.

மாடிப்படியில் விளக்கு கிடையாது, போனில் டார்ச் போட்டுக்கொண்டு ஏறுங்கள். செருப்பைக் கீழே விடாதீர்கள். அந்தத் தெரு நாய் ஒன்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.